பயன்படுத்திய இன்சுலின் ஊசியை எந்தக் குப்பையில் போடுவது?

காய்கறித் தோலும் சோற்று மிச்சமும் மொட்டைமாடி உரத் தொட்டிக்குப் போய்விடுகின்றன. பால் கவர், அட்டைப்பெட்டி எல்லாம் குப்பை வண்டியில் வாங்கிக்கொள்கிறார்கள். படுத்தி எடுத்தது அம்மாவின் இன்சுலின் ஊசிகள்தான்.

கோவையில் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா தன் கையுறையைக் கழற்றிக் காட்டினார். துணிக் கையுறை, உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பர் பூச்சு. வேறு ஏதோ தெருவில் பைக்குள் கிடந்த ஊசி அதைத் துளைத்துக் கையில் ஏறிவிட்டதாம். "ஏனுங்க அம்மிணி, ஊசி மட்டும் இதுல போட்றாதீங்க" என்றார். சரி, எதில் போடுவது? அவருக்கும் தெரியவில்லை.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இதற்கு வழி இருந்தது. ஊசி, காலாவதியான மாத்திரை, டியூப்லைட், பேட்டரி எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று அதில் சொல்லியிருந்தார்கள். அவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அச்செடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைத் தொடக்கூட இல்லை. "மக்காத குப்பையிலயே போட்டுடுங்க மேடம், யாரு பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?" அதைப் பிரிக்கிறவரின் கையைப் பார்த்துவிட்டுத்தான் நான் போயிருந்தேன்! மண்டல அலுவலகத்தில், மருத்துவக் கழிவு தங்கள் பொறுப்பில் வராது என்று முடித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் சிரித்தார், அவ்வளவுதான்.

கடைசியில் கைகொடுத்தது அம்மா வழக்கமாகச் சர்க்கரை பார்க்கும் கிளினிக். ஊசிகளுக்கென்று அங்கே குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பா இருக்கிறது. மருத்துவக் கழிவு வண்டி வந்து எடுத்துப்போகிறது. வரவேற்பில் கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் பதில் வரும். ஊசி போடும் அறையில் இருக்கும் சிஸ்டரிடம் கேளுங்கள்.

துணி துவைக்கும் லிக்விட் வந்த கெட்டி டப்பாவில் சேர்த்து வையுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், நசுங்கினால் ஊசி வெளியே வந்துவிடும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடியைத் திருகி, டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். மாத்திரைகளையும் அதிலேயே திணிக்காதீர்கள். சிஸ்டர் டப்பாவோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டியூப்லைட்டுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. உடைந்தால் பாதரசம் வெளியே வரும் என்பதால் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கோவையில் எங்காவது வாங்கிக்கொள்கிறார்கள் என்றால் இடத்தைச் சொல்லுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.