நல்லால்லையா, எடம் பத்தலையா?

"தம்பி, அந்த அத்தியாயம் நல்லால்லையா, இல்ல எடம் பத்தலையா?" என்றுதான் நாவலை எழுதிய பெரியவர் கேட்டார். அவர் நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று எடிட்டரான நான் சொல்லியிருந்தேன். இரண்டையும் அவரே பிரித்து வைத்துக் கேட்டார். "கதை அங்க நின்னுபோகுதுங்கய்யா" என்றேன். சொன்னது பொய் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் டெம்மி 1/8 அளவு. ஒரு டெம்மித் தாளை இரு புறமும் அடித்து மடித்தால் 8 இலை, 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். 15 ஃபாரம் என்றால் 240 பக்கம். நாவல் 252இல் வந்து நின்றது. மிச்சம் 12. அதுவே 8 பக்கமாக இருந்தால் அரை ஃபாரமாகப் போட்டுவிடலாம். 12 இரண்டுங்கெட்டான். ஒன்று, முழு ஃபாரம் போட்டுக் கடைசியில் 4 பக்கத்தை வெறுமனே விட வேண்டும். இல்லை, எட்டும் நாலுமாகப் பிரித்து ஓட்ட வேண்டும். 300 பிரதிக்கு 300 தாள், சேதாரத்துக்கு இன்னும் கொஞ்சம். தாள் பெரிய செலவில்லை. பிளேட்டும் (அச்சுக்குச் செய்யும் தகடு) ஓட்டுக்கூலியும் மடிப்பும்தான் செலவு. 300 அடித்தாலும் 1000 அடித்தாலும் பிளேட்டுக்கு ஒரே காசு. பிரதி குறையக் குறைய அந்தக் காசு ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் கூடுதலாக ஏறும்.

பத்தொன்பதாம் அத்தியாயம் 13 பக்கம். அதை எடுத்தால் 239. ஒரு பக்கம் வெற்றாக விட்டால் 15 ஃபாரம் கச்சிதம். இந்தக் கழித்தலை முதலில் போட்டேனா, அத்தியாயம் தொய்கிறது என்று முதலில் நினைத்தேனா என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மேலூர்ப் பக்கத்துக் கடைமடைக் கதை அது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டாலும் கடைசி வயலுக்கு வந்து சேர நாளாகும். முறைத் தண்ணீருக்காக ஒரு தாயும் மகனும் மண்வெட்டியோடு மடையோரம் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். பெரிதாக எதுவும் நடப்பதில்லை. விடியற்காலையில் கணுக்கால்கூட நனையாத அளவுக்குத் தண்ணீர் வருகிறது. அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு வெட்டுக்குத்து, அடுத்ததில் கோர்ட்டு. நடுவில் இது. "வேகம் போயிருது" என்று எந்த எடிட்டரும் சொல்லக்கூடிய இடம். நானும் சொன்னேன். முதல் வாசிப்பில் எழுதிவைத்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'நடுவில் 6 பக்கம் சுருக்கலாம்' என்று இருக்கிறது. 'நீக்கலாம்' என்று இல்லை.

பக்கக் கணக்கு தவறியது என்னால். 58,000 சொல், பக்கத்துக்கு 250 சொல், 232 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், சமர்ப்பணம், முன்னுரை எல்லாம் சேர்த்து 8. மொத்தம் 240 என்று சொல்லிவிட்டேன். கட்டுரை நூலுக்கு இந்தக் கணக்கு நிற்கும். பேச்சு நிறைந்த நாவலுக்கு நிற்காது. 'ம்', 'வா', 'போறேன்' என்று ஒற்றைச் சொல்லே ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். சொல்லை எண்ணிப் பக்கம் சொல்லக் கூடாது. பேச்சு மிகுந்த அத்தியாயம் ஒன்று, வருணனை மிகுந்தது ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று என்று மூன்றை எடுத்து, அச்சுக்குப் போகும் அதே எழுத்துருவில், அதே அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கம் சொல்ல வேண்டும். அரை நாள் வேலை. நான் செய்யவில்லை.

நாளும் இல்லை. மதுரை தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவுக்குள் புத்தகம் வந்தாக வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியதில் பிழை பார்க்கும் இரண்டு மெய்ப்பு அதிலேயே போய்விட்டது. 'ஔ' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நின்றன. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருந்தது. தாளில் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது, கணினியில் தேடினால்தான் சிக்கும். அட்டை ஏற்கெனவே சிவகாசிக்குப் போய்விட்டது. புத்தகத்தின் முதுகு 12 மில்லிமீட்டர், பின்னட்டையில் விலை, எல்லாம் 240 பக்கத்துக்குப் போட்டவை.

அட்டை போய்விட்டது என்பதைத்தான் எனக்கு நானே அதிகம் சொல்லிக்கொண்டேன். அது செல்லாது. 16 பக்கம் கூடினால் 8 இலை. நாங்கள் போட்ட தாளில் 10 இலைக்கு ஒரு மில்லிமீட்டர். முதுகு 12 என்பது 12.8 ஆகும். முதுகில் இருக்கும் தலைப்பு ஒரு மயிரிழை தள்ளித் தெரியும், கட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம்.

வேறு வழி இருந்தது. 11 புள்ளி (பாயின்ட்) எழுத்து, வரிக்கு வரி 15.5 புள்ளி, பக்கத்துக்கு 30 வரி. உயரம் 465 புள்ளி. வரி இடைவெளியை 15 ஆக்கினால் அதே உயரத்தில் 31 வரி. முன்பக்கம் 8 போக, 244 பக்கம் 236 ஆகச் சுருங்கும். இன்னும் 4 பக்கம் குறைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரண்டு மூன்று வரி மட்டும் தொங்கும் அத்தியாயங்களைத் தேடினால் எப்போதும் நாலைந்து கிடைக்கும். ஒரு பத்தியில் ஒரு சொல்லை இழுத்துப் பிடித்தால் ஒரு வரி மிச்சமாகும். அப்படி அந்த வரிகளை முந்தின பக்கத்துக்கு ஏற்றிவிடலாம். 15க்குக் கீழேதான் போகக் கூடாது. போனால் மேல்வரியில் எழுத்துக்குக் கீழே தொங்கும் கீழ்விலங்கும் கீழ்வரியில் எழுத்துக்கு மேலே வளையும் மேல்விலங்கும் உரசும். தமிழுக்கு இங்கிலீஷைவிட அதிக இடைவெளி வேண்டும். 15 தாங்கியிருக்கும். வரி இடைவெளி மாறினால் எல்லாப் பக்கமும் நகரும், பொருளடக்கம் மாறும், மெய்ப்பு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். அச்சகத்தில் கெஞ்சினால் கொடுத்திருப்பார்கள்.

இடம் பத்தவில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "அப்ப அந்தக் கூடுதல் செலவ நான் தந்துர்றேன்" என்றிருப்பார். பென்ஷன் பணத்திலிருந்து. எழுத்தாளரிடம் காசு வாங்குவதில்லை, வழக்கமான 10 சதவீத ராயல்டி கொடுப்போம் என்று அவரிடம் பேசியிருந்தோம். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் தரத்தைக் காட்டிப் பேசினேனோ என்று சில நாள் தோன்றும். சில நாள், நாவல் உண்மையிலேயே இப்போதுதான் ஓட்டமாக இருக்கிறது என்று தோன்றும். வாங்கியவர்களும் 'ஒரே மூச்சுல படிச்சோம்' என்றுதான் சொன்னார்கள்.

கடைசி நேரத்தில் அத்தியாயத்தை எடுத்தால் அதன் வேர் மற்ற இடங்களில் கிடக்கும். எடுத்ததில் வரும் பெயர்கள், இடம், பொருள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மிச்சக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 'மடை' என்று தேடினேன், 'மண்வெட்டி' என்று தேடினேன். 'அன்னைக்கு ராத்திரி' என்று தேடவில்லை. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் மகன் சொல்கிறான்: "அன்னைக்கு ராத்திரி அம்மா சொன்னதுதான்." புத்தகத்தில் அந்த ராத்திரி இல்லை. அம்மா எதுவும் சொல்லவும் இல்லை.

முதல் பிரதியைக் கையில் கொடுத்தபோது அவர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு தம்பி" என்றார்.

மறுபதிப்புக்கென்று 15 புள்ளியில், 31 வரியில், அந்த அத்தியாயத்தையும் சேர்த்து ஒரு கோப்பு ஓட்டி வைத்திருக்கிறேன். சரியாக 240இல் முடிகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் அந்த 13 பக்கத்தையும் திரும்பப் படித்தேன். நடுவில் அந்த 6 பக்கம் இப்போதும் தொய்வாகத்தான் படுகிறது.