கொடி பிடித்த தம்பி

பஸ் திரும்ப ரோடு முழுக்க வேண்டும். அதே கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பந்தய சைக்கிள்கள் பாய்ந்து வந்தன. இன்று காலை, ஏற்காடு மலைப்பாதையில்.

கொடி பிடித்த தம்பி வளைவுக்குள்ளேயே நின்றிருந்தான். டிரைவர் கண்ணில் கொடியும் சைக்கிளும் ஒரே நேரத்தில்தான் பட்டன. ஐம்பது அடி கீழே நின்றிருந்தால் அந்தக் கொடிக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

நல்லவேளை, டிரைவர் பழைய கை.

மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பந்தயத்தில் இறங்குகிறவருக்கு அது எங்கே நினைவிருக்கும்?

ஐரோப்பாவில் பெரிய பந்தயம் என்றால் ரோட்டையே மூடுகிறார்கள். அப்படியும் 2023இல் சுவிட்சர்லாந்தில் மலை இறக்கத்தில் விழுந்து சைக்கிள் பந்தய வீரர் ஜீனோ மேடர் இறந்தார்.

இங்கே 20 கொண்டை ஊசி வளைவு, சுற்றுலா கார்கள் வேறு. பந்தயத்தை ஏற்றத்தோடு முடித்துவிடலாம். அப்புறம் சைக்கிள்களை வேனில் ஏற்றி இறக்கினால் போச்சு.