கேதார் காட்டில் ஒரு காலை

காசிக்குப் போகும் நம்மவர்களில் பாதிப்பேர் விசுவநாதரையும் அன்னபூரணியையும் தரிசித்துவிட்டு, அடுத்த வண்டியில் கயைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஹனுமான் காட் முதல் கேதார் காட் வரையிலான கங்கைக் கரைக்கு (காட் என்றால் படித்துறை) ஒரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும்.

ஹனுமான் காட் சந்துகளில் தமிழ்ப் பலகைகள், புரோகிதம் செய்யும் வாத்தியார்களின் வீடுகள், காமகோடீஸ்வரர் கோயிலின் நம்மூர்க் கோபுரம். தந்தையை இழந்த பாரதி 1898இல் இங்கேதான் அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்தார். முண்டாசும் மீசையும் காசி தந்தவை.

கரையோரமாக வடக்கே நடந்தால் ஹரிச்சந்திர காட். சிதைகள் எரிகின்றன. சற்றுத் தள்ளி ஒருவர் டீ ஆற்றுகிறார். முகம் சுளிப்பவர்கள் எங்களைப் போல வெளியூர்க்காரர்கள்தான்.

கேதார் காட்டைத் தேட வேண்டியதில்லை. கோயில் மதிலைப் போலப் படிகளிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை. கங்கையில் முழுகி, படியிலேயே இருக்கும் கௌரி குண்டத்துத் தீர்த்தத்தையும் தெளித்துக்கொண்டு மேலே ஏறினோம்.

கேதாரேஸ்வரர் வழக்கமான, வழவழப்பான பாணலிங்கம் அல்ல. மேடும் பள்ளமுமாக ஒரு பாறை, குறுக்கே ஒரு கோடு. தள்ளாமையால் இமயத்துக் கேதாரம் போக முடியாத மாந்தாதா என்ற அரசர், கிச்சடி சமைத்து, அதிதிக்குப் பாதி என்று நடுவில் கோடு கிழித்தாராம். அதிதியாக வந்தவர் சிவனே. கிச்சடி அப்படியே கல்லாகிவிட்டது. வில்வத்தை விலக்கி அர்ச்சகர் காட்டியபோது அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. கேதார கண்டம் எனப்படும் இந்தப் பகுதியில் உயிர் விடுபவர்களுக்குப் பைரவ யாதனைகூட, அதாவது பாவங்களுக்காகப் பைரவர் தரும் தண்டனைகூடக் கிடையாது என்பது நம்பிக்கை.

இந்தக் கோயிலை நிர்வகிப்பது குமாரசுவாமி மடம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் நிறுவியது. மடத்துக்கு இடம் கேட்டு முகலாய பாதுஷாவிடம் பேச இந்துஸ்தானி வேண்டுமே! சகலகலாவல்லி மாலை பாடிக் கலைமகளிடம் அதைப் பெற்று, சிங்கத்தின் மேலேறி அவைக்குப் போனார் என்பார்கள். சிங்கம் இருக்கட்டும். வேற்று மொழிக்காரரிடம் அவர் மொழியிலேயே பேசி இடம் வாங்கிய சாமர்த்தியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1720இல் இந்த மடம் திருப்பனந்தாளிலும் காலூன்றியது. நாம் காசித் திருமடம் என்பது அதைத்தான்.

போகிறவர்களுக்கு ஒன்று: மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படிகள் மூழ்கிவிடும், கரை வழியாக நடக்க முடியாது. ஐப்பசிக்குப் பிறகு போனால் சௌகரியம். படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் பின்பக்கச் சந்து வழியாகவே கோயிலுக்குள் வந்துவிடலாம்.