டியூஷன் வகுப்பில் அரசியல் பேசலாமா?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளில் இரண்டு கூட்டம் உண்டு, இரண்டுக்கும் ஒன்றையொன்று ஆகாது. ஒரு கூட்டம் சனிக்கிழமை காலையில் அடுக்குமாடிகளுக்குப் போய் டியூஷன் எடுக்கும், தீபாவளிக்கு அரிசி பருப்பு கட்டிக் கொடுக்கும், "நாங்க அரசியல் பேசுறதில்லண்ணே" என்று பெருமையாகச் சொல்லும். இன்னொரு கூட்டம் கோலாலம்பூர் சோகோ பேரங்காடி முன்னால் பதாகை பிடிக்கும், டத்தாரான் மெர்டேக்கா வரைக்கும் நடக்கும், முதல் கூட்டத்தைப் பார்த்து "ஹாஸ்டல் மெரிட் புள்ளிக்காக வேலை பாக்குறவங்க" என்று கிண்டல் பண்ணும். நான் படித்து முடித்து வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கோலாலம்பூர் லெம்பா பந்தாய் பக்கம் ஒரு பி.பி.ஆர். (அரசாங்கக் குறைந்த வாடகை வீட்டுத் திட்டம்) அடுக்குமாடியில் நடக்கும் வார இறுதி வகுப்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதுக்கு வந்துவிடும். இரண்டு பேரும் பாதி சரி என்று நழுவ எனக்கு விருப்பமில்லை. டியூஷனை ஒழுங்காக எடுத்தால் அரசியல் தானாக வந்து வாசலில் நிற்கும், அப்போது கதவைச் சாத்துகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

எப்படி வரும் என்றால் இப்படித்தான். படிவம் 1, அதாவது இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம், படிக்கும் பிள்ளை ஒருத்தி, கணக்கில் கெட்டி, ஆனால் பாடப்புத்தகம் மட்டும் கொண்டு வரவே மாட்டாள். சொல்லித்தருகிற மாணவி கணக்கியல் படிப்பவள், பிள்ளைக்கு மறதி என்று நினைத்துக் கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் விசாரித்தால் பாடநூல் இரவல் திட்டத்தில் அவளுக்குப் புத்தகமே கொடுக்கவில்லை. அம்மா வீட்டிலிருந்து பிறப்புப் பத்திரத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து, மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, மேலே ரப்பர் பேண்ட். அதில் குடியுரிமைக்கான கட்டத்தில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகள் அல்ல. 12 வயதில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஐ.சி. (அடையாள அட்டை) எடுக்கப் போனபோது இவள் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டாளாம்.

அப்பா நீல ஐ.சி.க்காரர், அதாவது குடிமகன், லோரி ஓட்டுகிறார். அம்மா இந்தோனேசியாவிலிருந்து வந்தவர். கோயிலில் தாலி கட்டி, சொந்தபந்தம் எல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணம்தான், பதிவு மட்டும் செய்யவில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும், தாலி கட்டியது மட்டும் போதாது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை என்று வரும்போது அரசியலமைப்பு அப்பாவைப் பார்க்காது, அம்மாவைத்தான் பார்க்கும். அம்மா வெளிநாட்டவர் என்றால் முடிந்தது கதை. பிள்ளை பிறந்த பிறகு ஓடிப் போய்ப் பதிந்தாலும் தேசியப் பதிவு இலாகா உடனே அந்தக் கட்டத்தைத் திருத்திக் கொடுத்துவிடாது. இதையெல்லாம் அந்தக் கணக்கியல் மாணவிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை, அவளே சட்டம் படிக்கிற தோழியைப் பிடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மிச்சமிருக்கிற வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலை என்று கருதினால் வயது வரம்புக்குக் கீழே உள்ளவரைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் பிரிவு அது. அதிகாரம்தான், கடமை இல்லை. பதில் வர வருஷக்கணக்கில் ஆகலாம். வந்த கடிதத்தில் காரணமே சொல்லாமல் நிராகரித்திருக்கலாம், திரும்ப முதலிலிருந்து. விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று பார்த்தால் தலை சுற்றும்: பிறந்த மருத்துவமனையின் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், பள்ளிக் கடிதங்கள், அப்பாவின் ஐ.சி., கிடைத்தால் தாத்தாவுடையதும். சமூக மண்டபத்தில் பிளாஸ்டிக் மேசையைப் போட்டு மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து இதை அடுக்கினார்கள், ஒருத்தன் தேதிவாரியாக ஸ்டிக்கி நோட் ஒட்டினான், இன்னொருத்தி அந்த அம்மாவிடம் மலாயில் பேசிப் பேசி, எந்த வருஷம் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று வாங்கி எழுதினாள். அந்தக் கோப்பைப் பார்த்த பிறகு நான் பல கூட்டங்களில் கேட்ட உரிமைப் பேச்சு கொஞ்சம் வெளுத்துப் போனது, உண்மையாகச் சொல்கிறேன்.

சரி, அரசியல் எங்கே வந்தது? 2024-இல் வந்தது. குடியுரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசிய அம்மாக்களுக்கு நியாயம் செய்யும் திருத்தம், அதில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கூடவே வேறு சிலதும் சேர்ந்து வந்தன. கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கிற குழந்தைகளுக்கும் தானாகக் கிடைக்கும் குடியுரிமையை எடுத்துவிடும் யோசனை அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, மார்ச் மாதம் அந்த இரண்டையும் கைவிட்டார்கள். அக்டோபர் 17-இல் மக்களவையில் மற்றவை நிறைவேறின. பெற்றோரில் ஒருவர் சிவப்பு ஐ.சி.க்காரராக (நிரந்தரவாசியாக) இருந்தாலே இங்கே பிறந்த பிள்ளை குடிமகன் என்றிருந்த வழியை அது மூடுகிறது. குடியுரிமை விண்ணப்பத்துக்கான வயது வரம்பை 21-லிருந்து 18-க்கு இறக்குவதும் அதே திருத்தம்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கிழவனாகியும் சிவப்பு ஐ.சி.யோடு இருந்தவர்கள் நம் உறவில் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

இதை நாடாளுமன்றத்தில் விவாதித்த நேரத்தில் "அரசியல் பேசுறதில்லண்ணே" கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதலாமா கூடாதா என்று. ஒரு தம்பி "டியூஷன் சென்டர் பேர்ல அனுப்பினா மண்டபத்தப் பூட்டிருவாங்க" என்றான். சும்மா பயம் என்று தள்ளிவிட முடியாது, மண்டபச் சாவி யார் கையில் இருக்கிறது என்பது பி.பி.ஆரில் வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அவரவர் பெயரில் தனித்தனியாக அனுப்பினார்கள். அந்தத் தம்பியும் அனுப்பினான்.

இந்தப் பயத்துக்கு ஒரு வயது இருக்கிறது. பலருடைய அப்பா அம்மா இன்னும் "படிக்கப் போனியா, கொடி புடிக்கப் போனியா, உள்ள தூக்கிப் போட்டுருவான்" என்றுதான் பேசுகிறார்கள். காரணமில்லாமல் இல்லை. 1974 டிசம்பரில், ரப்பர் விலை விழுந்து கெடா மாநிலம் பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று மாணவர்கள் இன்றைய டத்தாரான் மெர்டேக்கா திடலில் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அப்போது விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் இசா சட்டத்தில் ஏறக்குறைய இரண்டு வருஷம் உள்ளே இருந்த இளைஞர் தலைவர் அன்வார் இப்ராஹிம்தான் 2022-இலிருந்து நம் பிரதமர். 1971-இல் வந்த ஆவுக்கு எனும் பல்கலைக்கழகச் சட்டத்தை 1975-இல் இன்னும் இறுக்கினார்கள், மாணவன் கட்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நேரத்தில் அங்கே போனதற்காக நான்கு யு.கே.எம். (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) மாணவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள், அவர்கள் வழக்குப் போட்டு 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2012-இல் கட்சியில் சேரலாம் என்றானது, 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளேயே கட்சி அரசியலுக்குத் தடை போனது, 18 வயதில் ஓட்டும் 2021 டிசம்பர் 15-லிருந்து வந்துவிட்டது. சட்டம் இவ்வளவு தளர்ந்தும் வீட்டுக்குள் இருக்கிற ஆவுக்கு தளரவில்லை. பி.டி.பி.டி.என். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் போய் நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்.

சேவை, அரசியல் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே நம்மிடம் பழையது இல்லை என்பதும் என் வாதம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழக மாணவர்களே வந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள், கட்சி வாசனை இல்லாமல். அதே காலத்தில் தோட்டங்களுக்குப் போன வேறு சிலர், டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் போன்றவர்கள், தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினை, சம்பளப் பிரச்சினை என்று இறங்கிக் கடைசியில் தேர்தலுக்கே வந்தார்கள். 2008-இல் சுங்கை சிப்புட்டில் அவர் அமைச்சராக இருந்த சாமிவேலுவைத் தோற்கடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பாதையிலும் போனது ஒரே மாதிரிப் பிள்ளைகள்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு வேண்டும். ஒரு கட்சியின் இளைஞர் பிரிவு எங்கள் வகுப்புக்கு வந்தது, எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். டி-சட்டை, பிஸ்கட் பொட்டலம், ஆள் உயர மாதிரிக் காசோலை. பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிற்க வைத்து, காசோலை மறைக்கிறது என்று சின்னவர்களை முன்னால் இழுத்துப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு மாணவர்களே கேட்டைப் பூட்டாத குறை. அவர்கள் போனதும் போட்ட விதி இன்றுவரை இருக்கிறது: பிள்ளைகள் முன்னால் கட்சி கிடையாது, பெற்றோரிடம் சட்டம் பேசலாம், உரிமை பேசலாம், யாருக்கு ஓட்டு என்று பேசக்கூடாது. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

பதாகைக் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பேரணி வேண்டும்தான், மார்ச் மாதம் அந்த இரண்டு யோசனையும் சும்மா கைவிடப்படவில்லை, பல பேர் சத்தம் போட்டதால்தான். ஆனால் பேச்சில் 'நாடற்றோர்' என்று முழங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு 15ஏ பாரத்தை நிரப்பத் தெரியும்? எங்கள் மேசைக்கு வாருங்கள். லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது, நல்லவேளை மண்டபம் கீழ்த்தளத்தில். மாதம் 124 வெள்ளி வாடகை வீடுகளில் என்னென்ன உடைந்து கிடக்கிறது என்று ஆன்டிகள் சொல்வார்கள், அதற்கும் யாராவது கடிதம் எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளையின் கோப்பு போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை. பழைய மாணவர் ஒருவரின் புத்தகங்களை வைத்துப் படிக்கிறாள். இப்போது இன்னும் இரண்டு குடும்பம் பத்திரத்தோடு வந்திருக்கிறது, நம் பிள்ளைகளுக்கோ செமஸ்டர் தேர்வு நேரம், ஆள் குறைவு. கோலாலம்பூரில் இருக்கிறவர்கள், மலாய் நன்றாக எழுத வருகிறவர்கள், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எழுந்திருக்க முடிகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.