ஆடிட்டர் சொன்னால் கடைக்காரர் வாங்குவார்

சிறு வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளை உருவாக்கி விற்க முனையும் தமிழ் நண்பர்கள் பெங்களூரில் எனக்குப் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் முதலில் பணத்தைக் கொட்டுவது கூகுள் விளம்பரத்தில்தான். நானும் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: அல்சூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் கணக்கு மென்பொருளைக் கூகுளில் தேடுவதைவிடத் தம் ஆடிட்டரிடம் கேட்பதே அதிகம்.

அத்தகைய கடைக்காரர் ஒருவர், நான் காட்டிய இருப்புக் கணக்கு, வாட்ஸ்அப் பில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பெயின்ட் டப்பா கேட்டு வந்தவருக்கு விலை சொல்லிக்கொண்டே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இது டாலியில ஏறுமா? எங்க ஆடிட்டர் அதுலதான் பார்ப்பாரு." 1986-இல் தொடங்கி இதே நகரில் வளர்ந்த டாலி என்னும் கணக்கு மென்பொருளின் உண்மையான பலம், அது கணக்கர்களின் கைக்குப் பழகிவிட்டதுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவர் ஆடிட்டர்; அவரையும் நேரம் அறிந்து பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கெடு 11-ஆம் தேதி, வரி கட்டுவதற்கான 3பி படிவத்தின் கெடு 20-ஆம் தேதி என்பதால், அந்த நாள்களை ஒட்டி அவர் அலுவலகத்தில் கால் வைக்காதிருப்பதே மரியாதை. புதுக்கணக்கு ஏப்ரல் 1-இல் பிறப்பதால், மென்பொருளை மாற்றும் பேச்சை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அவரிடம் போய் நம் திரையின் அழகை விவரிப்பதில் பயனில்லை. 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் வாங்கியவரின் இன்புட் கிரெடிட், அதாவது சரக்குக்குக் கொடுத்த வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, சிக்கிக்கொள்ளும். பிறகு தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. அந்த எண்ணின் கடைசி இடம் சரிபார்ப்புக்கென்றே இருப்பதால், பில் போடும்போதே பெரும்பாலான பிழைகளை மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். இதை அவர் கண்முன் செய்து காட்டினால், தம்மிடம் வரும் கடைக்காரர்களுக்கு அவரே சொல்வார்.

எதிரில் இருப்பவரின் தேவையைத் தொட்டால்தான் விற்பனை நடக்கும் என்பதற்கு, இணையத்தில் பேருந்து டிக்கெட் விற்கும் ரெட்பஸ் ஓர் உதாரணம். 2006-இல் அதை இங்கே தொடங்கியவர்கள் பேருந்து முதலாளிகளுக்கு முதலில் மென்பொருளைத்தான் கொடுக்கப் பார்த்தார்கள். முதலாளிகள் அக்கறை காட்டாததால், டிக்கெட் விற்றுத் தருவதாக வழியை மாற்றிக்கொண்டார்கள். இருக்கை நிரம்புவதை யார்தான் வேண்டாமென்பார்?

ஆடிட்டர் வழியாக விற்பது மெதுவானது என்பதை மறைக்க விரும்பவில்லை. அழகு நிலையத்துக்கு முன்பதிவு மென்பொருள் விற்பவருக்கு ஆடிட்டரால் ஆகப்போவது எதுவுமில்லை. அவர் இன்ஸ்டாகிராமிலேயே ஆள் தேடலாம்.