உப்புத் தண்ணீரும் தொட்டிச் செடிகளும்

மதுரையில் கொல்லைப்புறத்தில் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் விதையில்தான் தொடங்குகிறார்கள். நாட்டு ரகமா, வீரிய ஒட்டு ரகமா, எந்தக் கடையில் வாங்கலாம் என்றெல்லாம் விசாரிப்பவர்கள், செடிக்கு ஊற்றப்போகும் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்ப்பதில்லை. சிமெண்டுத் தரை போட்ட சிறிய கொல்லையில் தொட்டிகளையும் பைகளையும் வைத்துக் காய்கறியும் பூவும் வளர்த்துவரும் எனக்கு, இங்கே எது விளையும் என்பதை முதலில் தண்ணீரும், அடுத்து வெயிலும், அதற்குப் பிறகுதான் விதையும் தீர்மானிக்கின்றன என்றே தோன்றுகிறது.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. தரையில் நிற்கும் செடிக்கு இது அவ்வளவு பெரிய தொல்லையில்லை. நல்ல மழை பெய்தால் உப்பு கரைந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் குறைவு. தண்ணீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது. சித்திரை மாதத்தில் மண் தொட்டியின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: விளிம்பை ஒட்டி வெள்ளையாகப் பூத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அதே சமயத்தில் செடியின் இலை நுனி பழுப்பாகி, ஓரம் தீய்ந்ததுபோல் சுருளும். இதைச் சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் கொஞ்சம் உரம் போடுபவர்கள் உண்டு. கடையில் வாங்கும் ரசாயன உரமும் உப்புதான் என்பதால், செடி அதோடு முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டு மதினி, "ஆர்ஓ மெஷின்ல இருந்து வர்ற தண்ணி வீணாத்தானே போகுது, செடிக்கு ஊத்துனா என்ன?" என்று கேட்டார்கள். மெஷின் குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது; ஆழ்குழாய்த் தண்ணீரைவிட அது மோசம். வாசல் தெளிக்கலாம், பாத்திரம் விளக்கலாம், தொட்டிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். ஏசி இருக்கும் வீடாக இருந்தால், அதன் குழாயில் சொட்டும் நீரை வாளியில் பிடித்து ஊற்றலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் அந்த நீரில் உப்பு கிடையாது.

இருக்கும் தண்ணீரை மாற்ற முடியாதபோது பயிரை மாற்றிக்கொள்வதே வழி. பீன்ஸ் உப்பைச் சற்றும் தாங்காது. முள்ளங்கியும் வெங்காயமும் சிணுங்கும். கொத்தவரையும் பாலக் கீரையும் தாக்குப்பிடிக்கும். தட்டைப்பயறும் பரவாயில்லை. கொடைக்கானல் பீன்ஸ் தொட்டியில் காய்க்கும் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு விதை வாங்குவதைவிட, கொத்தவரை போட்டு வற்றல் போடுவது புத்திசாலித்தனம். கூடவே, தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டு, அவ்வப்போது நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் துளை வழியே வழிந்தோடும்வரை நிதானமாக ஊற்றிவிட்டால், தேங்கிய உப்பில் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். ஐப்பசி மழை இந்த வேலையைக் கூலியில்லாமல் செய்கிறது. அதனால் மழைநாளில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மண் கலவையிலும் இதே கவனம் வேண்டும். தென்னை நார்க்கழிவு எடை குறைவு, ஈரம் காக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கழுவாத கட்டியில் உப்பு நிறைய இருக்கும். ஊறவைத்து, நீரை மாற்றி, இரண்டு மூன்று முறை பிழிந்த பிறகே கலக்க வேண்டும். எங்கள் கலவையில் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும்தான் பெரும்பங்கு. நார்க்கழிவு ஒரு கை குறைவாகவே சேர்க்கிறோம்.

வெயிலைப் பொறுத்தவரை, கறுப்புப் பையின் பக்கவாட்டில் மாலை வெயில் விழுந்தால், இலையைவிட வேர்தான் முதலில் வேகும். மானாமதுரைப் பக்கம் வனையும் மண் தொட்டிகள் வெளியே ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். பெயிண்ட் வாளிகளை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி ஒன்றையொன்று நெருக்கி வைத்தால், ஓரத்தில் இருப்பவை மட்டுமே சூடு தாங்க நேரும். மேலே வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை போதும்.

தக்காளியைக் கோடையில் வளர்க்க முயல்வது வீண். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிய பிறகு பூ பூக்கும், பிஞ்சாகாமல் கொட்டும். பெரியகுளத்தில் உருவாக்கிய பிகேஎம் 1 ரகத்தை ஆவணியில் நாற்றுவிட்டு நட்டால், மார்கழியில் ரசத்துக்கு வெளியே வாங்க வேண்டியதில்லை. வெண்டைக்கும் கத்தரிக்கும் பெரியவர்கள் சொன்ன ஆடிப்பட்டமே சரி.

இனி மல்லிகை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாற்றுகள் பெரும்பாலும் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. அரை நாள் நிழல் விழும் இடத்தில் வைத்துவிட்டு மொட்டு வரவில்லை என்று குறைப்படக் கூடாது. முழு வெயில் வேண்டும் என்பதால், எங்கள் கொல்லையில் நிழல்வலைக்கு வெளியே நிற்பது இது ஒன்றுதான். மொட்டு வைக்கும் காலத்தில் காலையில் பறிக்கும்போது, ஊதா நிறம் ஏறிய மொட்டைத் தனியே பிரித்துப் பாருங்கள். சிறு துளை தெரியும். உள்ளே பச்சைப் புழு இருக்கும். அத்தகைய மொட்டுகளைக் கிள்ளி அழிப்பதும், வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சிறிது சோப்புக் கரைசலுடன் ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளிப்பதும் தொட்டிக்குப் போதுமானவை. அதற்கு மேல் எந்த மருந்தும் தலையில் வைக்கும் பூவுக்குத் தேவையில்லை.

கார்த்திகையில் செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, இலைகளை உருவி, தொழுவுரம் போட்டுவிட்டால் பங்குனியில் மொட்டு திரளும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை எகிறும் மார்கழியிலும் தையிலும் நம் தொட்டியும் மொட்டையாகத்தான் நிற்கும். அந்த இடைவெளிக்குக் கனகாம்பரமும் கேந்தியும் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய கிளைகளில் பென்சில் கனமுள்ளவற்றை முக்கால் சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். இந்த ஆண்டுக்கு மதினி இரண்டு கன்றுகள் கேட்டிருக்கிறார்கள்; ஏசி தண்ணீர் அவர்கள் வீட்டிலிருந்து வரும்.