வாள் பழகும் கரை: மண்டபம் நாட்குறிப்பு

டிசம்பர் 29

வாடை வலுத்துவிட்டது. வடகடல் பக்கம் கண் திறக்க முடியாத மணல்வீச்சு; சினிமா வாள்சண்டைப் பயிற்சி தென்கடல் கரைக்கு மாறியது. காய்ந்த மணலில் பின்கால் சறுக்கி, பாய்ச்சல் பாதியில் நின்றுவிடும். அலை நனைத்து இறுகிய மணல்தான் தோது. அது கடல் பக்கம் சரிவாக இருப்பதால் இருவரும் கரையோட்டமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் மேட்டில் நிற்பவர் தோளுக்கு ஓங்கியது மற்றவர் தலையில் இறங்கும்.

டிசம்பர் 30

சிலம்பத்திலிருந்து ஸ்டண்டுக்கு வரும் பிள்ளைகள், சினிமா வாள்சண்டைக் கலைஞர் பாப் ஆண்டர்சனைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் மரைன் படைவீரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் சேபர் என்ற வாள் பிரிவில் ஆடியவர். 2021இல் டோக்கியோவில் நம் பவானி தேவி ஏந்திய அதே ஆயுதம்: 500 கிராமுக்குள் எடை, இடுப்புக்கு மேலே மட்டும் இலக்கு.

களத்தில் வீச்சை ஒளிப்பவர் ஜெயிப்பார். கேமரா முன்னால் ஒளித்தால் ரசிகருக்கும் புரியாது, எதிரில் நிற்பவருக்கும் ஆபத்து. வாளை ஓங்கிக் காட்டி, அவர் கண் அதைப் பிடித்த பிறகே இறக்க வேண்டும். பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். 1953இல் வந்த ஒரு படத்துக்காக நடிகர் எரால் ஃபிளினோடு மோதியபோது ஆண்டர்சனின் வாளே ஃபிளினின் தொடையில் பட்டது.

டிசம்பர் 31

அலுமினிய வாள்கள் மோத மோத விளிம்பில் பிசிறு எழும், உள்ளங்கையைக் கிழித்துவிடும். பஞ்சுத் துணியால் விளிம்பைத் தடவினால் நூல் மாட்டும் இடம் தெரியும், அங்கே அரத்தால் ராவுங்கள். பிடியையும் ஆட்டிப் பாருங்கள். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி அரித்தால் வாள் பிடியோரம்தான் ஒடியும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இரும்பு வாளுக்கு எண்ணெயும் பூச வேண்டும்.

ஜனவரி 1

2012இல் ஆண்டர்சன் காலமானது இதே நாளில். 1980, 1983 ஸ்டார் வார்ஸ் படங்களில் முகமூடி வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் நின்று வாள் வீசியவர் அவர். உருவம் டேவிட் ப்ரௌஸ், குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்றே உலகம் அறிந்திருந்தது; வேடரோடு மோதும் நாயகனாக நடித்த மார்க் ஹாமில்தான் 1983இல் வாள் வீசியது ஆண்டர்சன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வேலைக்கு உரிய மரியாதை அது.

முகமூடி போட்ட டூப்புக்குப் பக்கப்பார்வை போய்விடும். அதனால் இடைவெளியைக் காக்கும் பொறுப்பு எதிராளிக்கு: கை முழுதாக நீட்டினாலும் வாள்முனை உடம்புக்கு ஒரு முழம் முன்னால் நிற்க வேண்டும். தலை, இரு தோள், இரு விலா என்று ஐந்து வீச்சும் நடைவேகத்தில் பிசகாமல் வந்த பிறகே முகமூடியை மாட்டுங்கள்.